ஈரக் கை

திங்கட்கிழமை காலை ஆர்ஸெல்லா டாலிவர் மீன் ஆலைக்கு வேலைக்கு வந்தபோது வரிசையில் நின்ற பதினான்கு பெண்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சனிக்கிழமை ஜாக்சன் நகரத்தில் பாட்டுப் பதிவு சரியாக அமையவில்லை. குறை ஆர்ஸெல்லாவின் குரலில்தான். இசைத்தட்டில் அவளுக்குப் பதில் மகள் ரெனிட்டாவைப் பாடவைக்கலாம் என்று தட்டைப் போடுகிற கெய்ன்ஸ் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிவதற்குள் இவ்வளவும் ஊர் முழுக்கப் போய்விட்டது.

அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். தலைமுடி வலையைக் காதுவரை இழுத்துவிட்டு, தன் இடத்தில் வந்து நின்று கத்தியை எடுத்தாள்.

"ஜாக்சன் மகாராணி இன்னைக்கு லீவுன்னு நெனச்சேன்," என்றாள் பக்கத்தில் நின்ற ஜெனிவா.

"மகாராணிக்கும் வயிறு இருக்கு."

"இருக்கு, இருக்கு. போன மாசத்துக்குப் பெருத்தே இருக்கு."

வரிசை சிரித்தது. ஆர்ஸெல்லாவும் சிரித்தாள். அதோடு பேச்சு முடிந்தது. யாரும் மேலே கேட்கவில்லை.

வெளியே ஆகஸ்ட் மாத வெயில். ஆலைக்குள் பல் கிட்டும் குளிர். தலை வெட்டிய கெளுத்தி மீன்கள் குளிர்தொட்டியில் ஊறிவிட்டு பெல்ட்டில் வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு வெட்டு. முள்ளைத் தொடாமல் சதை கழன்று வரவேண்டும். என் வேலை கத்தி இல்லை. மீனின் சதையில் வெப்பமானியைச் செருகி, எண்ணைத் தாளில் எழுதுவது. அதற்காக நாள் முழுக்க வரிசையோரமாக நடந்துகொண்டிருப்பேன். அப்படித்தான் ஆர்ஸெல்லாவின் முனகலைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். குளிர்தொட்டியின் மோட்டார் ஒரே குரலில் ஓடிக்கொண்டிருக்கும். அவள் அதோடு சேர்ந்து முனகுவாள். அதை அவளே பாட்டாக எண்ணியதில்லை.

அன்று பாதியில் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தி, யாராவது கேட்டார்களா என்பதுபோல் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. ரெனிட்டாவுக்கும் எனக்கும் ஒரே வயது, பத்தொன்பது. சனிக்கிழமை நானும் ஜாக்சன் போயிருந்தேன்.

அவர்கள் இசைக்குழுவில் நான்கு பேர். ஆர்ஸெல்லாவின் கணவன் ஹோசியா கிட்டார். அவன் தம்பி எல்.ஸி. பேஸ் கிட்டார். விர்ஜில் ட்ரம்ஸ். ஆர்ஸெல்லா பாடுவாள். இரண்டு மாவட்டங்களின் எல்லைமேல் இருக்கும் ஆலி மேயின் பீர்க் கடையில் இருபது வருடமாக வாசிக்கிறார்கள். அதனால் கவுண்டி லைன் ஃபோர் என்று பெயர். இதுவரை ஒரு பாட்டுகூடப் பதிவானதில்லை. வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கெய்ன்ஸ் அந்தக் கடைக்கு வந்தார், சட்டை நனைய ஆடினார், பத்துப் பாட்டில் ஒரு ஆல்பம் போடலாம் என்றார். முதல் ஆல்பம். ஆர்ஸெல்லாவுக்கு நாற்பத்து மூன்று வயது.

பதிவு அறையின் சுவர் முழுக்கக் கம்பளம். ஜாக்சன் தேவாலயம் ஒன்றில் வாசிக்கும் ஒருவரை கெய்ன்ஸ் ஆர்கனுக்கு அழைத்திருந்தார். வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய் அடக்கிய, அமைதியான மனிதர். அவர் ஒரு கட்டையை அழுத்த, எல்.ஸி.யும் ஹோசியாவும் அதற்குத் தங்கள் கம்பிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வழக்கம்போல் ஆர்ஸெல்லா முதல் அடியைத் தனியாக வீசினாள். அவர்கள் வழி அது. அவள் வீசுவாள், மற்றவர்கள் பிடிப்பார்கள். அன்று பிடித்தார்கள், ஆனால் சேரவில்லை. மூன்று பாட்டு, பதினோரு தடவை.

"குரல் நல்ல குரல்," என்றார் கெய்ன்ஸ். "ஆனா ஆர்கன்மேல உக்கார மாட்டேங்குது. ஒரு தடவ மேல போற, ஒரு தடவ கீழ போற. எதாவது ஒரு பக்கமாத் தப்பினாக்கூட சொல்லித் திருத்தலாம்."

சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி வந்திருந்த ரெனிட்டாவைப் பார்த்து, "நீ பாடுவியாம்மா?" என்று கேட்டார். அவள் அம்மாவின் 'ஈரக் கை' பாட்டைப் பாடினாள். ஒரே தடவை. பாட்டு முடிந்ததும் ஆர்கன்காரர் மிட்டாயைக் கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "ஆமென்," என்றார்.

அடுத்த சனிக்கிழமைதான் கடைசிப் பதிவு. "யோசிச்சுச் சொல்றேன்," என்று ஹோசியா சொல்லிவிட்டு வந்திருந்தான்.

*

செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் சமையலறையில் நானும் ரெனிட்டாவும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். ஹோசியா பருத்தி எடுக்கும் இயந்திரங்களைச் செப்பனிடுகிறவன். அறுவடைக்கு முன் வேலை அதிகம். கிரீஸ் போகாத கையோடு உட்கார்ந்து பன்றிக் கழுத்தெலும்பையும் சோளரொட்டியையும் சாப்பிட்டான். பாதியில் கரண்டியை வைத்தான்.

"உப்பு கம்மி."

"உப்பு சரியாத்தான் இருக்கு," என்றாள் ஆர்ஸெல்லா. "உன் நாக்கு வேற எதையோ சொல்ல வந்து நின்னுக்கிட்டிருக்கு."

"கெய்ன்ஸ் போன் பண்ணாரு. சனிக்கிழமை ஒம்போது மணிக்கு வரச் சொன்னாரு."

"யாரை?"

அவன் ரொட்டியைப் பிட்டான். மூலையில் ஃப்ரிட்ஜ் ஓர் உதறு உதறி முனக ஆரம்பித்தது.

"எல்லாரையும்."

"எல்லாரும்னா நான் எதுக்கு? சாப்பாடு தூக்கிட்டு வரவா? போன வாரம் அவ தூக்குனா. இந்த வாரம் நான் தூக்கறேன்."

"அம்மா, நான் பாடமாட்டேன்னு சொல்லிட்டேன்," என்றாள் ரெனிட்டா.

"யார்கிட்ட சொன்ன?"

"மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள சொன்னா ஜாக்சன்வரைக்கும் கேக்காதுடி."

ஹோசியா எழுந்து போய்விட்டான். முற்றத்தில் டிரக்கின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஆர்ஸெல்லா அவன் தட்டை எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு. பாடும்போது எப்படி இருந்துச்சு?"

ரெனிட்டா மொச்சைத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருந்துச்சும்மா," என்றாள். "அந்த ஆர்கன் கீழேருந்து ரெண்டு கையால தூக்கிப் பிடிச்ச மாதிரி."

"ம். என்னையத் தள்ளுச்சு. எந்தப் பக்கமாத் தள்ளுதுன்னே புரியல. அந்த ரூம்ல ஒண்ணுமே கேக்கலடி. செத்தவங்க வீட்டுல கடிகாரத்த நிப்பாட்டுன மாதிரி." தட்டைத் தண்ணீரில் போட்டாள். "அது நான் கட்டுன பாட்டு. மீன் வெட்டி வெட்டிக் கட்டுனது. உனக்கு அதுல என்ன தெரியும்? உன் கை காஞ்ச கை."

ரெனிட்டா அடுத்த மொச்சையை எடுத்தாள். ஆர்ஸெல்லா பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளை அறியாமலே முனகல் வந்தது. ரெனிட்டாவின் கை மொச்சையில் நின்றது. அம்மாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். என்ன என்று நான் கண்ணால் கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

*

புதன்கிழமை பாடகர் குழுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபிறகு ரெனிட்டா என்னை நிறுத்தினாள். தேவாலயத்துப் பியானோவுக்குப் பின்னால்தான் சமையலறைக் கதவு. அதை அகலத் திறந்துவைத்தாள். உள்ளே பழைய பெரிய ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

"இதக் கேளு," என்று ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினாள். "சேருதா?"

"இல்ல. இது கொஞ்சம் மேல இருக்கு."

பக்கத்தில் இருந்த கறுப்புக் கட்டையை அழுத்தினாள். "இது?"

"கீழ இருக்கு."

"நட்ட நடுவுல இருக்கு," என்றாள். "பியானோவுல இல்லாத எடம். ஆலி மே கடையில பீர் குளிர வெக்கற பெட்டியும் இதே எடந்தான். சித்தப்பா எதுல சுதி சேர்ப்பாரு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்.ஸி. அந்தப் பெட்டியில் காதை வைத்துத்தான் கம்பியை முறுக்குவான். எல்.ஸி.யைப் பார்த்து ஹோசியா. எங்கள் ஆலைக் குளிர்தொட்டி, அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், எல்லாமே ஒரே குரல்தான். ஒரே கம்பியில் வரும் மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார்கள் ஒரே மாதிரித்தான் முனகும். ஆர்ஸெல்லா இருபது வருடமாக நின்ற இடம், உட்கார்ந்த இடம் எல்லாவற்றிலும் அந்தக் குரல் இருந்தது. ஜாக்சனில் மற்றவர்கள் ஆர்கனுக்காக நகர்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் பழைய இடத்தில் நின்றாள். அங்கிருந்து ஏறினாலும் இறங்கினாலும் ஒரே தூரம். எந்தப் பக்கம் போவது என்று அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

"அப்ப உங்கம்மா தப்பாப் பாடல," என்றேன்.

"இல்ல."

பியானோவின் மூடியை மெதுவாக மூடினாள். மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. நானே சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

வியாழக்கிழமை காலை ஆலைப் பேருந்துக்குக் கிளம்பும்போது, அவர்கள் வாசலில் நின்ற ரெனிட்டாவிடம், "சொன்னியா?" என்று கேட்டேன். "அம்மா தூங்கிட்டாங்க," என்றாள். அன்று முழுக்க மேகம் கூடி நின்றது, பெய்யவில்லை. பருத்திக் காட்டுக்கு மேல் பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் போய்ப்போய் வந்தது. மருந்து வாடை ஆலைக்குள்ளேயும் வந்தது. ஜெனிவாவின் கத்தி வழுக்கி விரல் அறுபட்டது. ஆர்ஸெல்லா அன்று ஒருமுறைகூட முனகவில்லை. வெப்பமானியோடு அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஏழெட்டுத் தடவை தாண்டினேன். எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை, வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே ஆலி மேயின் கடை நிறைந்துவிட்டது. தகரக் கூரை. நடுவில் ஒரு மின்விசிறி, சுற்றுகிறது என்று பேர். பீர்ப் பெட்டி சவப்பெட்டி நீளத்துக்குச் சுவரோரம் கிடக்கும். மேலே திறக்கும் மூடி. சிவப்புச் சாயம் உரிந்துபோய், ஒரு மூலையில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஆர்ஸெல்லா இடுப்பைச் சாய்த்துப் பாடுகிற மூலை அது.

எல்.ஸி. வந்தான். தொப்பியைக் கழற்றினான். முட்டி போட்டுப் பெட்டியில் காதை வைத்தான்.

"என்னப்பா சொல்லுது?" என்று யாரோ கத்தினார்கள்.

"உன் பொண்டாட்டி உள்ள இருக்கேன்னு சொல்லச் சொல்றா. வெளிய விட்டா வெக்கையா இருக்காம்."

"அங்கயே இருக்கட்டும், மூடிய மூடு!"

எல்.ஸி. கம்பியை முறுக்கினான். ஹோசியா அவனோடு சேர்ந்துகொண்டான். விர்ஜில் குச்சியைத் தட்டவில்லை. ஆர்ஸெல்லா முதலில் வீசவேண்டும்.

அவள் பெட்டிமேல் சாய்ந்தாள். கண்ணை மூடவில்லை. யாரையோ அதட்டுவதுபோல் எடுத்தாள்.

*கை ஈரமா இருக்கு, கதவ நீயே தெற.*
*கை ஈரமா இருக்கு, கதவ நீயே தெற.*
*உள்ள வந்தா வா, இல்ல வந்த வழியில நட.*

மூன்று பேரும் ஒன்றாக உள்ளே விழுந்தார்கள். தரை அதிர்ந்தது. ஒட்டு இல்லை, இடைவெளி இல்லை. பெண்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். "சொல்லு ஸெல்லா! அவன்கிட்ட சொல்லு!" பீர் எடுக்க வந்த ஆலி மே, "தள்ளுடி, வியாபாரம் நடக்கணும்," என்று அவள் இடுப்பை இடித்தாள். அவள் பாட்டை விடாமல் அரை அடி நகர்ந்து, மூடி மூடியதும் திரும்பச் சாய்ந்தாள்.

ரெனிட்டா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஆடவில்லை.

இடைவேளையில் வெளியே டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டோம். ஹோசியா மட்டும் உட்காராமல் நடந்துகொண்டிருந்தான்.

"புரியல," என்றான். "இந்த வாய் நாளைக்கு எங்க போகுது? நூறு மைல்ல என்ன ஆகுது?"

"வயசாகுது," என்றாள் ஆர்ஸெல்லா.

"வெளையாடாத."

"நீதான் அஞ்சு நாளா வெளையாடற. வாயத் தெறந்து சொல்லு ஹோசியா. டிரக்குல உக்காந்து யார்கிட்ட சொல்லிக்கிட்டிருக்க? ஸ்டீயரிங் பதில் சொல்லுதா?"

அவன் நின்றான். எல்.ஸி. மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானான்.

"நாளைக்கு ரெனிட்டா பாடட்டும், ஸெல்லா," என்றான் ஹோசியா. "இருபது வருஷம் ஆச்சு. இத விட்டா இன்னொரு ஆள் வரமாட்டான். எனக்கு அந்தத் தட்டு வேணும். நம்ம சத்தம் எங்கயாவது ஒரு எடத்துல நிக்கணும்."

"நம்ம சத்தம்," என்றாள் அவள். எண்ணெய்க் காகிதத்தைச் சுருட்டினாள். "சரி. நாளைக்குக் கூடைய நான் தூக்கறேன்."

நான் ரெனிட்டாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

*

சனிக்கிழமை வேனில் யாரும் பேசவில்லை. எல்.ஸி. மட்டும், "ஏ தெர்மாமீட்டர், இந்த வண்டிக்குள்ள எத்தன டிகிரின்னு பாரு. மீன்னா இந்நேரம் கெட்டுப் போயிருக்கும்," என்றான். விர்ஜில் ஜன்னலை இறக்கினான். ஆர்ஸெல்லா கூடையை மடியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பதிவு அறைக்குள் அவள் வரவில்லை. "வெளிய இருக்கேன். உள்ள மூச்சு முட்டுது." வராந்தாவில் நாற்காலி இல்லை. குளிர்பானம் விற்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

உள்ளே ஆர்கன்காரர் கட்டையை அழுத்தினார். கம்பிகள் நகர்ந்தன. ரெனிட்டா மைக்கின் முன்னால் போய் நின்றாள். கெய்ன்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைத் தூக்கினார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"தண்ணி வேணும்," என்றாள்.

நானும் கூடப் போனேன். கனத்த கதவைத் தள்ளியதும் கேட்டது. ஆர்ஸெல்லா எங்களுக்கு முதுகைக் காட்டி, இயந்திரத்தின்மேல் தோளைச் சாய்த்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எது, இயந்திரத்தின் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. கேட்க ஆள் இல்லை என்று நினைத்துப் பாடுகிற பாட்டு.

ரெனிட்டா தண்ணீர் குடிக்கவில்லை. திரும்பி உள்ளே நடந்தாள். நடந்துகொண்டே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா தப்பாப் பாடல. நீங்கதான் எல்லாரும் எடம் மாறிட்டீங்க. எனக்குப் புதன்கிழமையே தெரியும். புதன்கிழமையே தெரியும், நான் சொல்லல."

கெய்ன்ஸ் வெளியே வந்தார். அவள் பீர்ப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள், பியானோவைப் பற்றிச் சொன்னாள். அவர் எல்.ஸி. பக்கம் திரும்பினார்.

"இருபது வருஷமா பீர்ப் பெட்டிய வெச்சா சுதி சேத்தீங்க?"

"பியானோ இருந்துச்சு சார். ஆலி மே அதுல கோழி அடை வெச்சா."

ஆர்கன்காரர் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்தார். "கிட்டார நீங்க முறுக்கிக்கலாம். இதுல முறுக்க ஒண்ணும் இல்ல."

"அப்ப ஆர்கன் இல்லாம எடுக்கணுமா? நான் சோல் பாட்டுத் தட்டு போட வந்தேன்," என்றார் கெய்ன்ஸ். "ஆர்கன் இல்லன்னா அது வெறும் ப்ளூஸ், பழைய காலத்துப் பாட்டு."

கதவருகில் ஆர்ஸெல்லா வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தாள். ரெனிட்டா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஹோசியா யாரையும் பார்க்கவில்லை. கழுத்தில் கிட்டாரோடு நேராக வராந்தாவுக்குப் போனான். முட்டி போட்டான். இயந்திரத்தில் காதை வைத்து, கம்பி முறுக்கும் ஆணிகளைத் திருக ஆரம்பித்தான். எல்.ஸி. பின்னாலேயே போனான். அண்ணனும் தம்பியும் ஒரே இயந்திரத்தில் இரண்டு பக்கமும் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

கெய்ன்ஸ் மணியைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள எனக்குத் தூக்கிவாரிப் போடணும். இல்லன்னா பொண்ணு பாடும்."

கதவைத் திறந்துவைக்கலாமா என்று எல்.ஸி. கேட்டான். இயந்திரத்தின் முனகல் டேப்பில் விழும், முடியாது என்றார். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஆர்ஸெல்லா வெளியே போனாள். இயந்திரத்தில் உள்ளங்கையை வைத்து நின்றாள். பிறகு வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு வருகிறவள்போல் யாரோடும் பேசாமல், யாரையும் பார்க்காமல், மைக்வரை நடந்துவந்து வீசினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

இரண்டு மணி நேரம் என்றவர் அதற்குப்பிறகு மணியைப் பார்க்கவில்லை. நான்காவது பாட்டில் சட்டைக் கையை மடித்துவிட்டார். கூடையிலிருந்த சோளரொட்டி காய்ந்தது. ஆர்கன்காரர் சுவரோரமாக உட்கார்ந்து, சத்தம் வராமல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மாலை ஐந்தரைக்கு ஒன்பது பாட்டு முடிந்தது. 'ஈரக் கை' மட்டும் பாக்கி.

கெய்ன்ஸ் எல்லாரையும் உட்காரவைத்தார்.

"ஒம்போதும் போடறேன். ஒரு எழுத்து மாத்தாம போடறேன். ஆனா இத வானொலிக்காரன் தொடமாட்டான். எனக்கு ஒரு பாட்டு வேணும். போன வாரம் இந்தப் பொண்ணு பாடுனது டேப்புல இருக்கு, ஆர்கனோட. அத நான் அழிக்கமாட்டேன். அதுவும் சேர்ந்தாத்தான் ஆல்பம். இல்லன்னா ஒண்ணுமே இல்ல."

"நான் வேற பாட்டு பாடித் தர்றேன்," என்றாள் ரெனிட்டா. "அது அம்மாவோடது."

"வேற பாட்டு எனக்கு வேணாம்மா."

ஹோசியா வாயைத் திறந்தான். ஆர்ஸெல்லா கையைக் காட்டி நிறுத்தினாள். குளிர்தொட்டியில் ஊறி ஊறி வெளுத்த கை. அந்தக் கையை அவளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமையிலேருந்து வெச்சிருந்தியா?" என்று மகளைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்குப் பத்தொம்போது வயசுல இப்படி ஒரு வாய்ப்பு கெடச்சிருந்தா நான் சொல்லியே இருக்கமாட்டேன்." கெய்ன்ஸ் பக்கம் திரும்பினாள். "போட்டுக்கங்க. நல்லாத்தான் பாடியிருக்கா. போன வாரம் இதே வராந்தாவுல நின்னு கேட்டேன். கண்ணு கலங்குச்சு. கோவத்துலன்னு நெனச்சேன். கோவம் மட்டும் இல்ல. ஆனா பாட்டக் கட்டுனது யாருன்னு தட்டுல என் பேரு வரணும். டாலிவர்ல ரெண்டு எல். எழுதிக்கங்க."

கெய்ன்ஸ் எழுதிக்கொண்டார்.

*

டிசம்பரில் தட்டு வந்தது. அட்டையில் 'ஈரக் கை' என்று பெரிதாக எழுதி, ஆலி மேயின் கடை முன்னால் நான்கு பேரும் நிற்கும் படம். ஹோசியா அதைச் சுவரில் மாட்டினான். ஒருநாள் கழற்றிக் கேட்டான். திரும்ப மாட்டினான். ஊரில் கிட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்று கம்பியை அறுத்துக்கொண்டார்கள். ஆலி மே கடைக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்துவிட்டு வந்த ஒருவனுக்கு மட்டும் சேர்ந்தது.

ஜனவரியில் கெய்ன்ஸ் ரெனிட்டாவைக் கூப்பிட்டார். அவளை மட்டும். போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "கேக்கறவ பெட்டியக் கட்டி வெச்சுட்டுக் கேப்பாளா?" என்றாள் ஆர்ஸெல்லா. தன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியையும் அந்தப் பெட்டியில் வைத்து அனுப்பினாள். அதற்குப்பிறகு ஹோசியா சாயங்காலங்களில் டிரக்கில் சும்மா உட்காருவது அதிகமானது.

பிப்ரவரியில் ஒரு காலை, ஆலைக் கதவுக்கு மேலே தொங்கும் வானொலியில் அறிவிப்பாளன் ரெனிட்டா டாலிவர் என்று சொன்னான். ஜெனிவா கத்தினாள்.

"சத்தத்தக் கூட்டு! யாராவது போய்க் கூட்டுங்கடி!"

நான் ஓடிப்போய்க் கூட்டினேன். முதலில் ஆர்கன் வந்தது, அகலமாக. பிறகு அவள் குரல். *கை ஈரமா இருக்கு, கதவ நீயே தெற.* பதினான்கு கத்திகளில் பத்து நின்றுவிட்டன. மேற்பார்வையாளன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஆர்ஸெல்லாவின் கத்தி நிற்கவில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அவள் முனகிக்கொண்டிருந்தாள். குளிர்தொட்டி இப்போதும் அவளுடைய குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது, மகளுடைய பாட்டோடு உரசிக்கொண்டு. அதை நிறுத்த அவளால் முடியாது. தன் வாயை மூடிக்கொண்டாள். மூன்று நிமிடமும் உதட்டை இறுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே மீனை வெட்டினாள்.

பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது.

"கட்டுனவ பேரச் சொல்லலியே நாசமாப்போறவன்," என்றாள் ஜெனிவா. "போன் போட்டு வைய்யலாமா?"

"மீனப் பாருடி. விரல் இன்னும் ஒம்போதுதான் நல்லாருக்கு உனக்கு."

நான் வானொலியைக் குறைத்துவிட்டு வந்தேன். அவள் இரண்டு மீன் முடித்தாள். மூன்றாவதைப் பலகையில் போட்டுவிட்டு, குளிர்தொட்டிப் பக்கம் லேசாகக் காதைத் திருப்பினாள். பிறகு மோட்டாரின் குரலிலிருந்து எடுத்து, 'ஈரக் கை'யின் முதல் அடியைத் தனியாக வீசினாள். எந்தத் தட்டிலும் இல்லாத குரலில். நான் வெப்பமானியைச் செருக மறந்து நின்றேன். ஜெனிவா பிடித்தாள். அவளுக்கு அடுத்தவள் பிடித்தாள். பெல்ட் நகர்ந்துகொண்டிருந்தது.